விழுந்தவுடன் எடுப்பது

ஆறு கடலில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால், உப்பளங்கள் தொடங்கும் இடத்தில், மீன் தீவன ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. ஓடு போட்ட நீளமான கொட்டகை. உள்ளே வரிசையாகத் தொட்டிகள், தொட்டிகளில் ரோகு மீன்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே ஒன்றும் கிடையாது.

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேடுகிறவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். இந்தக் குருவின் பெயர் சுகிர்தா. வயது முப்பத்தெட்டு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரப்பர் செருப்போடு தொட்டிகளுக்கு நடுவே நடப்பார். அதிகம் பேசமாட்டார். சீடன் கோமதிநாயகத்துக்கு அவரைவிட ஐந்து வயது கூட. ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தான். தன்னிடம் படித்த பையன்களெல்லாம் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு தனக்கே மேலதிகாரியாக வர ஆரம்பித்ததும், மனசு கேட்காமல் தானும் அந்தப் பட்டத்துக்காக இங்கே வந்து சேர்ந்திருந்தான். குரு அவனை "கோமதி சார்" என்பார். அவன் "மேடம்" என்பான்.

வந்த முதல் நாளே கேட்டான்.

"மேடம், மீன் தின்னதுல எவ்வளவு செரிச்சுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுகிட்டப் போய்க் கேக்கவா முடியும்?"

சுகிர்தா ஒரு புட்டியை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே பச்சைப் பொடி.

"இது எந்த மீனுக்கும் செரிக்காது. தண்ணிலயும் கரையாது. தீவனத்துல கலந்து குடுத்தா, உள்ள போனது அப்படியே வெளிய வந்துரும்."

"சரி மேடம்."

"ஒரு கல்யாண வீடு. உள்ள போற கூட்டத்துல பத்து பேருக்கு ஒருத்தர் பச்சை சட்டை. பச்சை சட்டைக்காரங்க யாரும் உள்ள தங்கமாட்டாங்க, திரும்பிருவாங்க. இப்ப வெளிய வர்ற கூட்டத்துல ரெண்டு பேருக்கு ஒருத்தர் பச்சை சட்டையா இருந்தா?"

கோமதிநாயகம் யோசித்தான். "மத்தவங்கள்ல ஒம்பதுக்கு எட்டுப் பேரு உள்ளயே தங்கிட்டாங்க."

"அவ்வளவுதான். கழிவுல பச்சை கூடக்கூட, சத்து மீன் உடம்புல தங்கிருச்சுன்னு அர்த்தம்."

அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. எளிமையாகவும் இருந்தது, நியாயமாகவும் இருந்தது.

"கழிவை எப்ப எடுக்கணும் மேடம்?"

"விழுந்தவுடனே."

"ஏன்?"

 சுகிர்தா ஒரு முக்காலியை இழுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மதியம் தீவனம் தின்ற மீன்கள் அசமந்தமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கோமதிநாயகம் ஒரு காலில் நின்றான், பிறகு மறுகாலில் நின்றான், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கடைசியில் ஒரு மீனுக்குப் பின்னால் பச்சை நூல் போல ஒன்று இறங்கியது. அது தரையைத் தொடும்போதே சுகிர்தா கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டார்.

"இப்படி," என்றார்.

அந்தக் கொட்டகையில் தவம் என்றால் அதுதான். கண்ணை மூடிக்கொள்ளாத தவம். மீன் எப்போது கழிக்கும் என்று மீனுக்கே தெரியாது. அதுவரை முக்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கோமதிநாயகம் சில நாள் உட்கார்ந்து பார்த்தான். இடுப்பு வலித்தது. அதைவிட, ஊருக்குப் போகும் கடைசி பஸ் ஆறரை மணிக்கு. மீன்கள் கழிப்பதோ பெரும்பாலும் அதற்குப் பிறகு. தொட்டியின் அடி சரிவாக இருந்ததால், ராத்திரி விழுந்ததெல்லாம் உருண்டு ஒரு மூலையில் சேர்ந்து, காலையில் பத்திரமாகக் கிடக்கும். நூல் நூலாக, கலையாமல். அவன் காலை பஸ்ஸில் வந்து அதை எடுத்துக்கொண்டான். இது அவனாகக் கண்டுபிடித்த சோம்பேறித்தனம் இல்லை. பல ஆய்வுக்கூடங்களில் அப்படித்தான் எடுக்கிறார்கள். பச்சை ஒரு துளி கூடக் குறையாமல் இருக்கிறதே, பிறகென்ன?

அவன் செய்த தீவனம் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் ஆனது. விலை கூடிய கருவாட்டுத் தூளுக்குப் பதிலாக அதைப் போட்டிருந்தான். முடிவு வந்தபோது அவனாலேயே நம்ப முடியவில்லை. நூறு பங்கு புரதத்தில் எண்பத்தெட்டு பங்கு மீனுக்குச் செரித்திருந்தது. தாளை எடுத்துக்கொண்டு குருவின் அறைக்கு ஏறக்குறைய ஓடினான்.

சுகிர்தா தாளைப் பார்த்தார்.

"எப்ப எடுத்தீங்க?"

"காலைல மேடம்."

"முந்தின நாள் விழுந்ததையா?"

"ஆமா மேடம். கலையவே இல்ல. அப்படியே கெடந்துச்சு."

"மறுபடி செய்யுங்க. விழுந்தவுடனே எடுத்து."

"தப்பாயிருக்கும்கிறீங்களா?"

"மறுபடி செய்யுங்க, கோமதி சார்."

சரி என்று தலையாட்டினான். ஆனால் மனசு ஒப்பவில்லை. நல்ல எண் ஒன்று கைக்கு வந்த பிறகு அதைத் திரும்பச் சோதிக்க யாருக்குத்தான் ஆசை வரும்? அதற்குள் அவன் மாசானத்திடம் வேறு சொல்லிவிட்டிருந்தான்.

மாசானம் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். வாழைத்தோட்டத்தின் ஒரு பாதியைத் தோண்டிக் குளமாக்கி மீன் விட்டிருந்தான். "மீன் பீய அள்ளுறவனுக்கு டாக்டர் பட்டம் குடுக்கப் போறாவளாம்ல" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். ஆனால் கோமதி சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. புதுத் தீவனம் என்றதும் மூட்டை மூட்டையாகத் தயாரித்துக் கொண்டுவந்து இறக்கினான்.

மூட்டை இறங்கிய அன்று கோமதிநாயகமும் அங்கே இருந்தான். மாசானத்தின் மனைவி உலகம்மாள் காப்பி கொண்டுவந்தாள். குளத்தில் அவளுக்கென்று ஒரு வேலை இருந்தது. மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் தண்ணீரில் காற்று குறையும். விடிவதற்கு முன்னால்தான் ரொம்பக் குறையும். அதனால் அவள் கோழி கூவுமுன்னே எழுந்து மோட்டாரைப் போடுவாள். மோட்டார் குளத்துத் தண்ணீரையே உறிஞ்சி மேலிருந்து குளத்திலேயே கொட்டும். கொட்டும் தண்ணீரோடு காற்றும் உள்ளே போகும். மழையானாலும் காய்ச்சலானாலும் அவள் எழுந்தாக வேண்டும்.

"அண்ணாச்சி, இந்தத் தீனிக்கும் நான் ராத்திரி முழிக்கணுமா?"

கோமதிநாயகம் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

"வேண்டாம்மா. இது நல்லா செரிக்கிற தீனி. கழிவு கம்மி. தண்ணி கெடாது. நீ நிம்மதியாத் தூங்கு."

"குளம் வெட்டுனதுலருந்து ஒரு ராத்திரி முழுசாத் தூங்குனதில்ல அண்ணாச்சி," என்று சொல்லிச் சிரித்தாள். மாசானம் அப்போது முதுகில் மூட்டையோடு தோட்டத்துக் கொட்டகைக்குள் இருந்தான். அவன் காதில் இது எதுவும் விழவில்லை.

ஐப்பசி பிறந்தது. வானம் மூடியே கிடந்தது. ஒருநாள் காலையில், கோமதிநாயகம் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஏல, ஒடனே வா," என்றான் மாசானம். 

குளம் முழுக்க வெள்ளையாக இருந்தது. எல்லா மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஒன்றிரண்டு இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடின. கரையில் கொக்குகள் வந்து உட்கார்ந்திருந்தன. அவற்றைக்கூட யாரும் விரட்டவில்லை. தண்ணீரிலிருந்து சாக்கடை நாற்றம் அடித்தது.

மாசானம் மனைவியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"பொணம் மாதிரி தூங்கியிருக்கியேட்டி! ஒரு மணி நேரம் மோட்டாரப் போட்டிருந்தா பொழச்சிருக்கும்லா! எல்லாம் போச்சு, எல்லாம் போச்சு!"

உலகம்மாள் நிமிர்ந்து கோமதிநாயகத்தை ஒருமுறை பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான்.

"மேகம்ல, மாசானம். வெயில் இல்லைன்னா தண்ணில காத்து கொறஞ்சுரும். யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"மேகம் எல்லாத்துக்கும்தான் போட்டுருக்கு. பக்கத்துக் குளத்துல சாகலயே! இவ தூங்கிட்டாடா!"

"ஆமா," என்றாள் உலகம்மாள். "தூங்கிட்டேன்."

ஒரு வாக்கியம் போதும். 'நான்தான் தூங்கச் சொன்னேன்' என்று ஒரே ஒரு வாக்கியம். அவன் தொண்டை வரைக்கும் அது வந்தது. பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டான். படித்தவர்களுக்குக் கிளம்புவதற்கு ஏதாவது ஒரு பஸ் எப்போதும் இருக்கிறது. இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் வருகிற கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினான். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். இன்னும் சரியாக விடிந்திருக்கவில்லை. தூரத்திலிருந்தே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. மாசானம் திரும்ப மீன் விட்டுவிட்டான் போலிருக்கிறது என்று ஒரு சந்தோஷம் வந்தது. வேகமாக நடந்தான்.

குளத்தில் மீன் இல்லை. இடுப்பளவு மழைத்தண்ணீர்தான் கிடந்தது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. உலகம்மாள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கரையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"வாங்க அண்ணாச்சி. மோட்டாரப் போட்டேன்."

"மீனே இல்லையேம்மா."

"ஆமா," என்றாள். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

மாசானம் டீக்கடையில் இருந்தான். மூன்று வேளையும் அங்கேதானாம். அவள் கையால் சாப்பிடுவதில்லை.

"அவளுக்குக் கிறுக்குப் பிடிச்சுட்டுல," என்றான். "ராத்திரி ஒரு பொட்டுத் தூங்க மாட்டேங்கா. உக்காந்தே இருக்கா. மொதல்ல கோவமா வந்துச்சு. இப்ப பயமா இருக்கு."

கோமதிநாயகம் டீயை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்தான். அன்றைக்கு நேராகக் கொட்டகைக்குத்தான் போனான்.

சுகிர்தா தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், ஒரு கேள்வி. மாசானம் குளத்து மீன் செத்தது மேகத்தாலயா, என் தீவனத்தாலயா?"

அவர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். மீன் செத்த சேதி அவருக்கும் அப்போதே எட்டியிருந்தது. அவனாகக் கேட்கட்டும் என்று இருந்தாரோ என்னவோ.

"இன்னைக்கு பஸ்ஸ விட்டுருங்க," என்றார்.

இருவரும் ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்தார்கள். ஆறரை மணி பஸ் வெளியே ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அது போகும் சத்தத்தைக் கோமதிநாயகம் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான். ஓட்டின்மேல் மழை தூறியது.

"அன்னைக்கு ஏன்னு கேட்டேனே மேடம். காரணத்தை வாயால சொல்லியிருக்கலாமே."

"உக்காந்து காட்டுனேன். நீங்க மணியப் பாத்தீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவரே சொன்னார்.

"மறுபடி செய்யுங்கன்னு சொல்லிட்டு நானும் என் ரூமுக்குப் போயிட்டேன். செஞ்சீங்களான்னு திரும்பக் கேக்கல. அதுவும் இருக்கு."

மீன்கள் கழிக்க ஆரம்பித்தன. விழ விழ எடுத்தார்கள். எடுத்ததில் பாதியை அப்போதே உலர்த்த வைத்தார்கள். மறுபாதியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு பீக்கரில் போட்டு, காலையில் எடுத்து உலர்த்தினார்கள். அந்த வாரம் முழுக்க இப்படியே செய்தார்கள். கோமதிநாயகம் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டான்.

முடிவு வந்தது. காலையில் எடுத்ததில் எண்பத்தெட்டு. விழுந்தவுடன் எடுத்ததில் எழுபத்துநான்கு.

இரண்டு தாளையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தான். சுகிர்தா கேட்டார்.

"மீன் மாறுச்சா?"

"இல்ல மேடம்."

"தீவனம்?"

"அதேதான்."

"கழிவு?"

"அதுவும் அதேதான். ஒண்ண ரெண்டாப் பிரிச்சது."

"அப்ப நடுவுல இருந்த பதினாலு எங்க போச்சு?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். பீக்கர்கள் வரிசையாக இருந்தன.

"தண்ணில கரைஞ்சு போச்சு மேடம். பச்சை கரையல. சத்து மட்டும் ராத்திரில கரைஞ்சுபோச்சு."

"நீங்க யாருக்கு மார்க் போட்டீங்க?"

"மீனுக்கு. போட வேண்டியது தண்ணிக்கு."

நூற்றில் பன்னிரண்டுதான் வெளியே வரும் என்று நம்பி மாசானத்துக்குத் தீவனக் கணக்குச் சொல்லியிருந்தான். வந்தது இருபத்தாறு. ஒன்றுக்கு இரண்டாக, நாள் தவறாமல், அந்தக் குளத்தின் அடியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதன்மேல்தான் மேகம் வந்து மூடியது. 

"ஆய்வேட்டுல சரியான எண்ணைப் போட்டுர்றேன் மேடம்."

"சரி."

"போதும்லா?"

"தப்பான எண்ணை வேற யாருக்காவது சொன்னீங்களா?"

அப்போதுதான் அவன் உலகம்மாளைப் பற்றிச் சொன்னான். காப்பி கொண்டுவந்தது, அவள் கேட்டது, தான் சொன்னது, அன்று காலையில் அவள் தன்னை நிமிர்ந்து பார்த்தது, மீன் இல்லாத குளத்தில் ஓடும் மோட்டார், எல்லாவற்றையும் சொன்னான். இதுவரைக்கும் தன் பெண்டாட்டியிடம்கூட அவன் இதைச் சொன்னதில்லை. 

சொல்லி முடித்ததும் அவனுக்குக் கொஞ்சம் இலேசானது. அந்த இலேசில் வாதாடவும் தைரியம் வந்தது.

"ஆனா மேடம், இப்பப் போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? செத்த மீன் திரும்பி வரவா போகுது? சண்டையும் ஓஞ்சு போச்சு. அவன் இப்பத் திட்டுறதில்ல. அவளும் ஒரு வார்த்தை சொல்றதில்ல. எல்லாம் தெளிஞ்சுருச்சு. நான் போய் எதுக்குக் கலக்கணும்?"

சுகிர்தா எழுந்துபோய் ஜன்னலோரத்திலிருந்து ஒரு பீக்கரை எடுத்துவந்தார். முந்தின நாள் ராத்திரி வைத்தது. அடியில் பச்சை நூல்கள் படிந்து கிடந்தன. மேலே தண்ணீர்.

"தண்ணி எப்படி இருக்கு?"

"தெளிஞ்சு இருக்கு மேடம்."

"கலங்கல் ஏதாவது தெரியுதா?"

"இல்ல."

அவர் பீக்கரை அவன் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்க."

கோமதிநாயகம் சிரிக்கப் பார்த்தான். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பீக்கரைக் கையில் எடுத்தான். எடுத்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். வாய்வரை கொண்டுபோனான். பிறகு மேசையிலேயே வைத்துவிட்டான்.

"முடியல மேடம்."

"தெளிஞ்சுருச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றார் சுகிர்தா. பீக்கரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தார்.

அன்று மதியமே கோமதிநாயகம் ஊருக்குக் கிளம்பினான்.

மறுநாள் காலையில் அவன் கொட்டகைக்குள் வந்தபோது சுகிர்தா தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். அவன் சட்டை நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளாமல் வந்து நின்றான்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன் மேடம். ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சுச் சொன்னேன். எண்பத்தெட்டு, எழுபத்துநாலு, எல்லாத்தையும் சொன்னேன். நாந்தான் தூங்கச் சொன்னேன்கிறதையும் சொன்னேன்."

"மாசானம்?"

"முழுசாக் கேட்டான். அப்புறம் நான் தண்ணி குடிச்ச செம்ப எடுத்துக் குளத்துல வீசிட்டான். இனிமே இந்த வாசல மிதிச்சிராதன்னான். முப்பது வருசப் பழக்கம் மேடம்."

சுகிர்தா அடுத்த தொட்டிக்குக் குழாயை மாற்றினார்.

"பெறகு அவகிட்டத் திரும்பி, ஏன்ட்டி இத நீ சொல்லலன்னு கேட்டான். கேக்கும்போதே அழுதுட்டான். அவ, 'அண்ணாச்சி படிச்சவுக, தப்பாவா சொல்லியிருப்பாவ, நாந்தான் அளவுக்கு மீறித் தூங்கிட்டேன்னு நெனச்சேன்'னா. இத்தனை நாளும் அப்படித்தான் நெனச்சிருக்கா மேடம். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு இல்ல. நான் தப்பா சொல்லியிருப்பேன்னு அவளுக்குத் தோணவே இல்ல."

குழாயை மூடினார் சுகிர்தா. கொட்டகையில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

"அப்புறம்?"

"கெளம்பிட்டேன். வாழைத்தோட்டம் முடியுற வரைக்கும் பின்னாலயே வந்தா. பஸ் நிக்கிற எடத்துல ஒண்ணு கேட்டா."

"என்ன கேட்டா?"

"'அப்ப நான் இனிமே தூங்கலாமா அண்ணாச்சி?'ன்னு கேட்டா."

அவன் கண் கலங்கியது. அதை அவன் மறைக்கவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாய் வரல மேடம். அன்னைக்கும் இதேதானே கேட்டா. தூங்குன்னு சொன்னவன் நான்தானே. மறுபடி எந்த வாயால அதச் சொல்லுவேன்?"

"அதனால?"

"பஸ் வந்துச்சு. ஏறிட்டேன்."

சுகிர்தா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"எப்ப கேட்டா?"

"நேத்து சாயங்காலம்."

"அவ கேட்டது ராத்திரி முழுக்கத் தண்ணில கெடந்திருக்கு, கோமதி சார்," என்றார்.